தாத்தாவின் தோட்டக் குறிப்பேட்டை யாரிடம் ஒப்படைப்பது?

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியின் தோட்ட வரலாற்றை எழுத உட்காருகிறவருக்கு ஒரு பக்கத்தில் காகிதப் பஞ்சமே இல்லை. டர்பன் தாவரவியல் தோட்டம் 1849-இல் தொடங்கியது. கரும்பு, காபி, தேயிலை, கூவைக்கிழங்கு ஆகியவற்றில் எது இந்த மண்ணில் பிடித்துப் பணம் தரும் என்று பார்க்கத்தான் காலனிக்காரர்கள் அதைப் போட்டார்கள். மார்க் மெக்கென், வில்ஹெல்ம் கைட், ஜான் மெட்லி வுட் என்று அடுத்தடுத்து அதைப் பார்த்துக்கொண்டவர்கள் லண்டன் கியூ தோட்டத்துக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. 1895-இல் வுட் ங்கோயே காட்டில், பனைபோலத் தோன்றும் ஒரு சைக்கட் மரத்தைக் கண்டார். அந்த இனத்தில் இயற்கையில் கிடைத்தது அந்த ஒரே ஆண் மரம்தான். அதன் தண்டு ஒன்று 1899-இல் கியூவுக்குப் போனது என்பதுவரை பதிவு இருக்கிறது. நேட்டாலின் செடிகளைப் பற்றி வுட் ஆறு தொகுதிகள் வெளியிட்டார்.

மறுபக்கத்தைப் பாருங்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறையில் வந்து நின்றது. அன்று முதல் 1911 வரை 152,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கினார்கள். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்திலிருந்து வந்த தமிழரும் தெலுங்கரும். ஒப்பந்தம் முடிந்தவுடன் பலர் உம்கேனி ஆற்றங்கரையிலும் ஸ்பிரிங்ஃபீல்டிலும் கிளேர்வுட்டிலும் கேட்டோ மேனரிலும் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டார்கள். ஊரிலிருந்து வந்த விதையில் எது இங்கே முளைக்கும், எந்த மாதம் விதைத்தால் பலிக்கும், எந்த மண்ணுக்கு எந்த எரு என்பதையெல்லாம் அவர்கள் தாங்களாகவே சோதித்துக் கண்டுபிடித்தார்கள். அதுவும் தாவர ஆராய்ச்சிதான். அதற்குத் தொகுதி எதுவும் அச்சாகவில்லை. டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் சில வீடுகளின் அலமாரிகளில், பேரப்பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியாத தமிழில், அது கிடக்கிறது.

இங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு என்பதால் அப்படிப்பட்ட குறிப்பேடுகள் என் கைக்கு வருகின்றன. படித்துச் சொன்னதும் எல்லாக் குடும்பமும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதை இனி எங்கே வைப்பது? இந்தக் கட்டுரை அதற்கான என் பதில். எல்லா இடத்தையும் ஒரே அளவாகப் பாராட்டப் போவதில்லை. எனக்கு ஒரு முடிவு இருக்கிறது.

முதலில், எதைக் கொடுக்கிறோம் என்று தெரிய வேண்டும். நான் படித்தவற்றுள் ஒன்று, துணி முதுகு கட்டிய கணக்குப் புத்தகம். இடது பக்கம் தமிழ் மாதம், பயிர், பாத்தி. வலது பக்கம் சந்தையில் கிடைத்த விலை, பவுண்டு ஷில்லிங் பென்ஸில். இந்த நாட்டில் ராண்ட் நாணயம் 1961-இல்தான் வந்தது என்பதால் காலத்தை ஊகிக்கலாம். முதல் பக்கங்களில் அவரை விதைப்பு ஆடியில் இருக்கிறது. ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டும் என்று கேட்டு வளர்ந்த மனிதர் வேறு எப்போது விதைப்பார்? ஆனால் டர்பனில் ஆடி என்பது வறண்ட குளிர்காலம். "முளைப்பு பாதி", "காற்று, ஈரம் இல்லை" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். பக்கங்கள் புரளப் புரள அவரை ஆவணிக்கு நகர்கிறது, பிறகு புரட்டாசி முதல் மழைக்குப் பின் என்று நிலைபெறுகிறது. இங்குள்ள மழைக்காலம் அப்போதுதான் தொடங்குகிறது. நாம் சேப்பங்கிழங்கு என்று சொல்வதை, ஜூலு மக்களிடம் கேட்டறிந்து, "மதும்பி" என்று எழுதி, ஐப்பசியில் நட்டுச் சித்திரையில் தோண்டியிருக்கிறார். பூமத்திய ரேகைக்கு வடக்கே உருவான விவசாய நாட்காட்டியைத் தெற்கே கொண்டுவந்து, விளைச்சலை நஷ்டப்பட்டு நஷ்டப்பட்டுத் திருத்திய சான்று இது.

அந்தப் புத்தகத்தின் நடுவே ஓர் இலை. தாளோடு தாளாகப் பழுப்பேறி, நரம்பின் தடம் எதிர்ப்பக்கத்தில் பதிந்திருக்கிறது. கீழே "மாரியம்மனுக்கு, வேம்புக்குப் பதில்" என்று எழுத்து. இங்கே சிரிங்கா என்று அழைக்கப்படும் மலைவேம்பு அது. வேம்பு கிடைக்காத இடத்தில் நம் பெண்கள் அம்மை கண்ட வீட்டு வாசலில் கட்டிய இலை. தாவரவியலாருக்கு அதே மரம் மேலியா அசெடராக், தென்னாப்பிரிக்கச் சட்டப்படி ஆக்கிரமிப்புத் தாவரம். இரண்டும் உண்மை. இந்த இரண்டு உண்மையையும் சேர்த்து வைத்திருக்கிற பொருளை எந்த இடம் பிரிக்காமல் காக்கும் என்பதுதான் தேர்வுக்கு என் அளவுகோல்.

வீட்டிலேயே வைப்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். டர்பனின் ஈரக்காற்றில் தாள் பூசணம் பிடிக்கும், ராமபாணப் பூச்சி அரிக்கும். 1917-இல் உம்கேனி பெருகி ஆற்றங்கரைத் தகரக் குடிசைகளை அடித்துக்கொண்டு போனபோது, படகிலேறிப் போய் உயிர்களைக் காப்பாற்றிய படவட்டான் குழுவினரை இங்குள்ள தமிழர் மறக்கவில்லை. அந்த வெள்ளத்தில் போன காகிதங்களுக்குக் கணக்கே கிடையாது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், ஆயிரக்கணக்கான வீடுகள் அழிந்தன. அலமாரி பாதுகாப்பு என்று இன்னும் யாராவது நம்பினால் எனக்கு வருத்தம்தான்.

கோயிலுக்குக் கொடுக்கலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் மனம் எனக்குப் புரிகிறது. பல்கலைக்கழகக் கட்டடத்துக்குள் காலெடுத்து வைக்கத் தயங்குகிறவர்கள் கோயிலுக்குள் தயங்குவதில்லை. தமிழ் எழுத்தைப் பார்த்தால் ஒதுக்கிவிடாமல் கையில் எடுக்கிறவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் நிர்வாகக் குழு மாறும், கும்பாபிஷேகத் திருப்பணியில் அறைகள் இடிபடும், பொருள் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதே மறந்துபோகும். கற்பூரமும் எண்ணெயும் இருக்கிற இடத்தில் பழைய தாள் வேண்டாம். நல்ல நகல் ஒன்றைக் கோயிலுக்குக் கொடுங்கள். மூலம் வேறிடம் போகட்டும்.

அடுத்து, செடிக்காகவே இருக்கிற இடம். குவாசூலு-நேட்டால் ஹெர்பேரியத்தை, அதாவது உலர்த்திய செடிகளின் காப்பகத்தை, 1882-இல் வுட் தொடங்கினார். இன்று அது தேசியப் பல்லுயிர் நிறுவனத்தின் கீழ் இயங்கும் மூன்று ஹெர்பேரியங்களில் ஒன்று. மற்றவை பிரிட்டோரியாவிலும் கேப்டவுன் கிர்ஸ்டன்போஷிலும் உள்ளன. ஹெர்பேரியத்தின் வேலை முறை தெரிந்தால் அது எதை மதிக்கும், எதை மதிக்காது என்பது விளங்கும். செடியின் ஒரு கிளையை இலை, பூ, முடிந்தால் காயோடு செய்தித்தாள்களுக்கு நடுவே அழுத்தி உலர்த்துவார்கள். கெட்டித் தாளில் பொருத்துவார்கள். கீழே ஒரு சீட்டு: யார் எடுத்தார், எந்த நாள், எந்த இடம், எப்படிப்பட்ட மண், உலர்ந்தால் மாறிவிடும் பூவின் நிறம் என்ன. பூச்சியைக் கொல்ல ஆழ்உறைநிலையில் சில நாள் வைத்த பிறகே பெட்டகத்துக்குள் விடுவார்கள். நூறாண்டு கழித்தும் ஒருவர் அந்தத் தாளை எடுத்து இதுதான் அந்தச் செடி என்று சரிபார்க்க முடியும். வேறெந்த ஆவணக் காப்பகமும் இதைத் தராது.

ஆனால் நம் குறிப்பேட்டிலிருக்கும் இலைக்குப் பூவும் இல்லை, காயும் இல்லை. பெரும்பாலும் நாளும் இடமும் இருக்காது. வளர்ப்புச் செடி வேறு. ஆராய்ச்சி மாதிரியாக அதன் மதிப்பு குறைவுதான். அதைவிட முக்கியமான சங்கடம் ஒன்று இருக்கிறது. இலையைப் புத்தகத்திலிருந்து எடுத்துத் தாளில் ஒட்டிவிட்டால், "மாரியம்மனுக்கு" என்ற கையெழுத்து ஒரு கட்டடத்திலும் இலை இன்னொரு கட்டடத்திலும் இருக்கும். இரண்டும் பாதியாகிவிடும். ஆகவே குறிப்பேட்டை ஹெர்பேரியத்துக்குக் கொடுக்காதீர்கள் என்கிறேன். அதற்கு வேறொன்று கொடுக்கலாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அரசு ஆவணக் காப்பகம் பலமான போட்டியாளர். நேட்டால் காலனியின் இந்தியக் குடியேற்றத் துறைக் கோப்புகள் அங்கேதான் இருக்கின்றன. கூலி எண், கப்பல், ஊர், முதலாளி, புகார், ஊர் திரும்ப விண்ணப்பம் என்று நம் முன்னோரின் வாழ்க்கை அதிகாரிகளின் கையெழுத்தில் அங்கே அடுக்கப்பட்டிருக்கிறது. உங்கள் கொள்ளுத்தாத்தாவின் எண்ணும் அவர் மகன் எழுதிய குறிப்பேடும் ஒரே கூரையின் கீழ் இருப்பது பெரிய விஷயம். 1996-ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் ஆவணங்களையும் அரசுக் காப்பகங்கள் ஏற்க வழி செய்கிறது. ஆனாலும் அது அரசாங்கத்தின் நினைவு. அலுவலகம் எழுதியதை அலுவலக வரிசையில் காக்கப் பிறந்த இடம். டர்பனிலிருந்து சுமார் எண்பது கிலோமீட்டர். சாட்ஸ்வொர்த்திலிருந்து வயதானவர்கள் பஸ் ஏறிப் போய்த் தங்கள் குடும்பத்தின் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வருவார்களா? மாட்டார்கள். நிலப் பத்திரம், குத்தகைத் தகராறு, 1950-ஆம் ஆண்டு இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்கீழ் வந்த வெளியேற்ற நோட்டீஸ் இவையே உங்களிடம் அதிகம் என்றால் இந்த இடத்தை யோசியுங்கள். தோட்டக் குறிப்பேட்டுக்கு இது எனக்கு இரண்டாவது தேர்வு.

டர்பனின் பெரியா மேட்டிலிருக்கும் கில்லி கேம்ப்பெல் நூலகத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். நேட்டால் வரலாற்றுக்கு அதைவிட நல்ல தனியார் தொகுப்பு அரிது. கில்லி கேம்ப்பெல் (1881–1965) வாழ்நாள் முழுதும் தேடிச் சேர்த்த நூல்களும் கையெழுத்துப் படிகளும் அவர் வாழ்ந்த மக்கிள்நியூக் மாளிகையிலேயே இருக்கின்றன. இன்று அது குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் சொத்து. அவருடைய தந்தை சர் மார்ஷல் கேம்ப்பெல் மவுண்ட் எட்ஜ்கூம் கரும்புத் தோட்டத்தின் முதலாளி. அந்தக் கரும்பை வெட்டியவர்கள் நம்மவர்கள். அந்த மாளிகைக்கு நம் தாத்தாவின் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதா என்று ஒரு பெரியவர் கோபமாகவே கேட்டார். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் உங்கள் குடும்பம் மவுண்ட் எட்ஜ்கூம் வரிசை வீடுகளிலிருந்து வந்தது என்றால், எதிர்வாதமும் உண்டு: முதலாளி வீட்டுக் காகிதத்தின் பக்கத்தில் தொழிலாளி வீட்டுக் காகிதம் இருந்தால், அடுத்து வரும் ஆய்வாளர் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுப் போக முடியாது. மற்றக் குடும்பங்களுக்கு இந்த இடத்தை நான் முதலில் சொல்வதில்லை.

பிரிட்டோரியாவின் மேரி கன் நூலகம் தாவரவியல் அரிய நூல்களுக்குப் பெயர்பெற்றது. நம் கைப்புத்தகம் அங்கே தனித்து நிற்கும், தொலைவும் அதிகம். டர்பனின் 1860 பாரம்பரிய மையம் அருங்காட்சியகம். கண்ணாடிப் பேழையில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தால் பள்ளிப் பிள்ளைகள் பார்ப்பார்கள், அதற்குக் கடனாகக் கொடுக்கலாம்.

என் தேர்வு குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி-லுதூலி ஆவண மையம். அந்த வளாகத்தின் வரலாறே நம்மோடு பின்னியது. இனஒதுக்கல் அரசு இந்தியர்களுக்கென்று 1961-இல் சாலிஸ்பரி தீவில் ஒதுக்கிய கல்லூரிதான் பின்னாளில் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாகி, 2004-இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகமானது. ஒதுக்கி வைக்கப்பட்ட இடத்தில் நம்மவர்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே சேர்த்தார்கள். ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியல்கள் அங்கே இருக்கின்றன. விடுதலைப் போராட்டக்காரர்களின் வாய்மொழிப் பேட்டிகள் இருக்கின்றன. ஒரு குடும்பம் புத்தகத்தோடு வந்தால், அதைப் பற்றித் தெரிந்த மூத்தவரின் குரலையும் உடன் வைப்பது அந்த மையத்தின் மரபுக்குப் பொருந்தும். தோட்டக் குறிப்பேட்டுக்கு அது உயிர். "மூன்றாம் பாத்தி" என்று எழுதியிருந்தால் அந்தப் பாத்தி எங்கே இருந்தது என்பதைத் தாள் சொல்லாது, அங்கே களை பறித்த மகள் சொல்வாள்.

குறைகளும் உண்டு. பல்கலைக்கழகக் காப்பகம் என்றால் ஆளும் பணமும் எப்போதும் இழுபறிதான். தமிழ்க் கையெழுத்து படிக்கிறவர் பணியில் இருப்பார் என்று நம்பிக் கொடுக்காதீர்கள். "தமிழ்க் கணக்குப் புத்தகம், ஒன்று" என்ற ஒற்றை வரியோடு பட்டியலில் புதைந்துபோகும் அபாயம் உண்மையானது. ஆகவே கொடுப்பதற்கு முன்பே பக்கவாரியாகப் பயிர்ப் பெயர், மாதம், இடம் மூன்றையும் ஆங்கிலத்திலும் எழுதி இணையுங்கள். இது பெரிய வேலை. செய்தே ஆக வேண்டிய வேலையும்கூட.

சென்னைக்கு அனுப்பினால் தமிழ் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்வார்களே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தமிழ் அச்சுக்கும் காகிதத்துக்கும் செய்திருக்கும் சேவை பெரியது. ஆனாலும் உம்கேனிக் கரையின் மண் அறிவு உம்கேனிக் கரையில்தான் இருக்க வேண்டும். தவிர, பாரம்பரியப் பொருள்களை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோவதை 1999-ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பெட்டியில் போட்டு விமானத்தில் எடுத்துப் போகலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தெளிவாகப் படமெடுத்த மின்பிரதி ஒன்று தாராளமாகச் சென்னைக்குப் போகலாம்.

மின்பிரதி எங்கு கொடுத்தாலும் தேவை. 2021 ஏப்ரலில் டேபிள் மலைச் சரிவில் பிடித்த தீ கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் வாசிப்பறையை எரித்தது. தாவரப் பாதுகாப்பு ஆய்வுப் பிரிவு இருந்த தளத்தையும் அது விடவில்லை. அங்கே எல்லா வசதியும் இருந்தது. ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பதை எந்த நிறுவனத்தை நம்பியும் செய்யக் கூடாது.

இப்போது ஹெர்பேரியத்துக்குத் திரும்புகிறேன். பழைய இலையைப் புத்தகத்திலேயே, நடுவே அமிலமில்லாத் தாள் வைத்து விட்டுவிடுங்கள். செல்லோடேப் ஒட்ட வேண்டாம், பிளாஸ்டிக் உறை போட்டு உருக்க வேண்டாம், பூச்சி மருந்து அடிக்க வேண்டாம். ஆனால் அந்தக் குறிப்பேட்டில் வருகிற கறிவேப்பிலையும் முருங்கையும் பல வீடுகளில் இன்னும் உயிரோடு நிற்கின்றன. இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் கேட்டோ மேனரிலிருந்து துரத்தப்பட்டபோது கன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்து சாட்ஸ்வொர்த் வீட்டுக் கொல்லையில் நட்டவர்கள் இருக்கிறார்கள். அந்த மரத்திலிருந்து பூவும் காயும் உள்ள கிளையை முறைப்படி உலர்த்தி, இடம், நாள், கன்று எங்கிருந்து வந்தது என்ற விவரம், குறிப்பேட்டின் காப்பக எண் எல்லாவற்றையும் சீட்டில் எழுதி, ஏற்பார்களா என்று ஹெர்பேரியத்தை முன்கூட்டியே கேட்டுக் கொடுக்கலாம். அப்போது புத்தகம் செடியைச் சுட்டும், செடி புத்தகத்தைச் சுட்டும். ஓர் அயல் தாவரம் எப்போது, யார் கையால் இந்த மண்ணுக்கு வந்தது என்று தேடுகிற தாவரவியலாருக்கும் இது உதவும்.

கடைசியாக ஒப்பந்தம். "கொடுத்துவிட்டால், அப்புறம் நான் போய்ப் பார்க்க அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டுமா, தம்பி?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். சரியான கேள்வி. நன்கொடையா, காப்புக்காக ஒப்படைப்பா என்பதை எழுத்தில் முடிவு செய்யுங்கள். நன்கொடை என்றால் உரிமை கைமாறும். ஒப்படைப்பு என்றால் பொருள் குடும்பத்துடையது, காவல் அவர்களுடையது. ஆனால் பணமும் ஆளும் குறைந்த காப்பகங்கள் ஒப்படைப்புக்குத் தயங்கும். நான் நன்கொடையைச் சொல்வேன், இந்த நிபந்தனைகளோடு: குடும்பத்தார் எப்போது வந்தாலும் பார்க்கலாம், இலையும் புத்தகமும் பிரிக்கப்படக் கூடாது, மின்பிரதி ஒன்று குடும்பத்துக்கும் ஒன்று கோயிலுக்கும், மையம் மூடப்பட்டால் பொருள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்துக்குப் போக வேண்டும்.

கையெழுத்துப் போடும் நாளுக்கு முன், தோட்டம் இருந்த இடத்தை அறிந்த மூத்தவரை வண்டியில் ஏற்றி அழைத்துப் போங்கள். ஸ்பிரிங்ஃபீல்ட் சமவெளியில் இன்று கடைகளும் கிடங்குகளும்தான். இருந்தாலும் ஆற்றின் வளைவை வைத்து அவர் அடையாளம் காட்டிவிடுவார். வரைபடத்தில் குறித்து, தேதி போட்டு, அவர் பெயரையும் எழுதிக் குறிப்பேட்டின் உறைக்குள் வையுங்கள்.